சுருளி போட்ட நாற்காலி

3 பிப்ரவரி 1938, வியாழன்

ஐந்தாம் பாரம் வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போது கை நடுங்கியது. பையன்கள் பார்த்துவிட்டார்கள். குளிர்காய்ச்சல் என்றேன். வீட்டுக்கு வந்ததும் பரணில் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் அதே கை தானாகப் போயிற்று. என் மனைவி ஜானு சமையலறையிலிருந்து பார்த்தாள். பார்க்காதது போல் திரும்பிக்கொண்டாள். அக்கம்பக்கத்தில் எனக்குத் தீராத வயிற்றுவலி என்று சொல்லிவைத்திருக்கிறாள். எங்கள் வீட்டில் பிராந்திக்கு மருந்து என்று பெயர்.

பள்ளிக்கூடப் பியூன் அழகுமலை ஒன்று சொன்னான். காளவாசலில் ஒரு செங்கல் சூளைக் கொட்டகையில், குடியை விட நினைப்பவர்கள் ஞாயிறுதோறும் கூடுகிறார்களாம். கள்ளுக்கடையில் கூட்டம் சேரும் அதே அந்தி நேரத்தில். அவனுடைய மாமன் சுருளி, குடித்துக் கெட்டு மீண்டவர், நடத்துகிறாராம். போகலாமா? யாராவது பார்த்தால்?

6 பிப்ரவரி, ஞாயிறு

போனேன். பாயில் ஏழெட்டுப் பேர், வண்டிக்காரர்கள், உழவு பார்க்கும் சம்சாரிகள். நானும் உங்களில் ஒருவன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சுருளி என் அங்கவஸ்திரத்தையும் விபூதியையும் பார்த்துவிட்டு, எங்கிருந்தோ ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து துண்டால் துடைத்துப் போட்டார். "சாமி நமக்குப் புத்தி சொல்ல வந்திருக்காக" என்றார். எல்லோரும் எழுந்து கும்பிட்டார்கள்.

உட்கார்ந்துவிட்டேன். குடியின் கேடு பற்றி வெகுநேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன். எனக்குத் தெரியாததா?

பிறகு அவர்களுக்குச் சுக்குக் காப்பி. எனக்கு மட்டும் இளநீர். அவர்கள் போட்ட காப்பியை நான் தொடமாட்டேன் என்று அவர்களே முடிவுகட்டிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. பிராந்தி யார் கையால் வந்தது என்று என்றைக்காவது விசாரித்தேனா?

7 பிப்ரவரி

குடித்தேன்.

20 பிப்ரவரி, ஞாயிறு

இன்றும் பிரசங்கம். அது முடிந்த பிறகுதான் உண்மையான கூட்டம் நடக்கிறது. வாரம் எப்படிப் போயிற்று என்று ஒவ்வொருவராகச் சொல்கிறார்கள். தவறியவனை யாரும் ஏசுவதில்லை. பக்கத்திலிருப்பவன் காப்பியை அவன் பக்கம் நகர்த்துகிறான், அவ்வளவுதான். நாற்காலியில் இருப்பவனை யார் கேட்பார்கள்?

விருமாண்டி என்கிற சம்சாரி, கூட்டத்துக்குப் புதியவன், ரயில்வே கேட் வரை எனக்குத் துணையாக வந்தான். "காலையில எந்திரிச்சதும் கை ஆடும், அது அடங்குறதுக்கே ஊத்தணும்னு சொன்னீகளே, அது எப்படிச் சாமி ஒங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டான்.

புஸ்தகத்தில் படித்தேன் என்றேன்.

அவன் முகம் வாடிவிட்டது. எதற்காகக் கேட்டான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன்.

8 மார்ச், செவ்வாய்

வரும் ஞாயிறு பாயில் உட்கார்ந்து உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று ஜானுவிடம் சொன்னேன். பெண்ணின் கல்யாணத்தை நினைத்து அவளுக்குப் பதறிவிட்டது. "நாகலக்ஷ்மி ஜாதகம் நாலு இடத்துக்குப் போயிருக்கு. இப்போ போய் ஊரைக் கூட்டிச் சொல்லணுமா? குடிக்கறதுன்னா ஆத்துக்குள்ளயே குடிச்சுக்கோங்கோ, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்." அழுதுகொண்டேதான் சொன்னாள்.

என்ன பண்ணி வெச்சிருக்கேன் இவளை? குடிகாரன் பொண்ணுன்னு பேர் வராம இருந்தாப் போதும், ஆம்படையான் குடிச்சே செத்தாலும் சரிங்கற அளவுக்கு — வேண்டாம். எழுத முடியவில்லை.

13 மார்ச், ஞாயிறு

நாற்காலியில்தான் உட்கார்ந்தேன். விருமாண்டி வரவில்லை.

20 மார்ச், ஞாயிறு

இன்றும் வரவில்லை. கள்ளுக்கடையில் பார்த்ததாகச் சொன்னார்கள். போகும் முன் அவன் சுருளியிடம் சொன்னானாம்: "சாமி மாதிரி தொடாமயே இருந்தவுகதான் நல்லா இருக்க முடியும். தொட்டவனுக்கு விமோசனம் இல்லண்ணே."

நான் கேட்டுச் சந்தோஷப்படுவேன் என்று நினைத்துத்தான் சுருளி இதைச் சொன்னார்.

23 மார்ச், புதன்

பள்ளிக்கூடம் விட்டதும் விருமாண்டி வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி சீனியம்மாள் மாட்டுக் கொட்டகையைக் கை காட்டினாள். வைக்கோலில் கிடந்தான். பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். நானும் குடிகாரன்தான், இன்று காலையிலும் குடித்துவிட்டுத்தான் பாடம் நடத்தினேன், புஸ்தகத்தில் படித்தேன் என்றது பொய் என்று சொன்னேன்.

முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். பிறகு சிரித்தான். "அன்னைக்கு ரயில்வே கேட்டுப் பக்கத்துல வச்சுச் சொல்லியிருந்தா, ஒங்க கையப் பிடிச்சுக்கிட்டு நானும் நின்னுருப்பேனே சாமி."

அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டான். எழுந்து வந்துவிட்டேன்.

27 மார்ச், ஞாயிறு

காலையிலிருந்து தொடவில்லை. சுருளி வழக்கம்போல் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அதைச் சுவரோரம் நகர்த்திவிட்டுப் பாயில் உட்கார்ந்தேன். பிரசங்கம் இல்லை, நாலு வார்த்தை சொன்னேன், முடிந்துவிட்டது. யாரும் ஏசவில்லை. பக்கத்திலிருந்த சின்னான் தன் காப்பியை என் பக்கம் நகர்த்தினான். கை ஆடியது. இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தேன். காரம் தொண்டையில் இன்னும் இருக்கிறது.

அழகுமலையும் அங்கே நின்றிருந்தான். நாளைக்குப் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். நாகலக்ஷ்மிக்கு இதனால் ஒரு வரன் தட்டிப்போனால் அந்தப் பழியும் என்னுடையதே. ஜானுவிடம் சொல்லிவிட்டேன். அவள் இலை போட்டுப் பரிமாறினாள்.

திரும்பி வரும்போது ரயில்வே கேட்டில் கொஞ்சம் நின்றேன். அன்று அவன் கேட்ட இடம். அடுத்த ஞாயிறு விருமாண்டி வீட்டு வழியாகத்தான் போவேன். அவன் வந்தாலும் வராவிட்டாலும் போய்க் கூப்பிடுவேன்.