தங்கை தேர்ந்தெடுத்த வால்வு

அன்புள்ள அண்ணாவுக்கு,

உங்கள் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. அண்ணியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள். போனில் நீங்கள் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் திறக்க இடம் கிடைப்பதில்லை. கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு உடம்பு சரியில்லை என்று உங்கள் மாப்பிள்ளை, என் வீட்டுக்காரர், உளறியது உண்மைதான். கடையில் சலூன்காரருக்கு ஆளுயரக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன். கட்டரை வைத்தால் ஒரே இழுப்பில் மறுமுனைக்குப் போக வேண்டும். இதற்காக அப்பாவிடம் நாம் இருவரும் எத்தனை குட்டு வாங்கியிருக்கிறோம்! பாதிக் கோட்டில் எனக்கு மூச்சு முட்டிக் கை நின்றுவிட்டது. விட்ட இடத்திலிருந்து மறுபடி இழுத்தேன். தட்டியதும் கண்ணாடி தன் இஷ்டத்துக்குக் கோணலாகப் பிளந்தது. "போனா போகட்டும்க்கா, முதல்ல டாக்டரைப் பாருங்க" என்றார் சலூன்காரர். மாடி ஏறி இளைத்தபோதெல்லாம் வயதைச் சாக்குச் சொன்னவள், அன்றுதான் பயந்தேன்.

டாக்டரம்மா இதயத்தைத் திரையில் காட்டினார். உள்ளே நான்கு வால்வுகள், நான்கும் ஒருவழிக் கதவுகள். ரத்தம் முன்னே போகத் திறக்கும், திரும்பி வராமல் மூடும். எனக்கு இடப்பக்கத்தில் ஒன்று தடித்துச் சுருங்கிவிட்டது. சரியாகத் திறப்பதுமில்லை, முழுதாக மூடுவதுமில்லை. போன ரத்தத்தில் ஒரு பங்கு பின்னால் ஒழுகி, நுரையீரலில் தேங்கி மூச்சு வாங்க வைக்கிறதாம். இரட்டை வேலை பார்த்து இதயம் வீங்கியிருக்கிறது, இப்படியே விட்டால் களைத்துவிடும், அந்த வால்வை மாற்றியாக வேண்டும் என்றார். சிறுவயதில் மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தேனே, அதன் மிச்சம். உடனே "நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்" என்று தொடங்காதீர்கள். அப்போது உங்களுக்கே மீசை முளைக்கவில்லை.

கார்பனில் செய்த செயற்கை வால்வு போட்டால் ஆயுசுக்கும் போதும், மறுபடி கத்தி வைக்க வேண்டாம் என்கிறீர்கள். சரிதான். ஆனால் அதில் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை போட வேண்டும். போட்டால் கையில் பட்ட வெட்டில் ரத்தம் லேசில் நிற்காது. என் விரலில் கீறல் இல்லாத வாரம் ஏது? விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்க்காமல் நான் ஒரு கண்ணாடியும் அனுப்பியதில்லை. "கடையை மூடிட்டு வீட்ல உட்காரு, நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். உங்கள் பாசத்தில் குறையில்லை. ஆனால் என்னை உட்கார வைத்தால் என் வாயிலிருந்து உங்கள் மாப்பிள்ளையை யார் காப்பாற்றுவது?

சவ்வு வால்வுதான் என்று சொல்லிவிட்டேன். மாட்டுச் சவ்வில் செய்ததாம். இனி நான் யாரையாவது முட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் சில மாதங்கள் இதற்கும் அந்த மாத்திரை உண்டு, அதுவரை கட்டரைத் தொடமாட்டேன். பத்துப் பதினைந்து வருடத்தில் இது தேய்ந்துபோகலாம், மறுபடி மாற்றுவது இதைவிடக் கஷ்டம் என்பதையும் டாக்டரம்மா மறைக்கவில்லை. "ரெண்டுலயும் நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு. உங்களுக்கு எது ஒத்துவரும்னு நீங்கதான் சொல்லணும்" என்றார். யோசித்துத்தான் சொன்னேன். நெஞ்சைத் திறப்பார்கள் என்றால் பயமாகத்தான் இருக்கிறது. அதற்காக முடிவை மாற்றுவதாக இல்லை.

அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. உங்களுக்கு லீவு கிடைக்காதென்று அண்ணி சொன்னார். பரவாயில்லை, இந்த முறை விட்டுவிடுகிறேன். அடுத்த முறை வால்வை மாற்றும்போது நீங்கள் கட்டாயம் பக்கத்தில் இருக்க வேண்டும். பிரஷர் மாத்திரையை நினைத்தால் போடுகிறீர்கள், இல்லையென்றால் விட்டுவிடுகிறீர்கள் என்று அண்ணி போனில் அழுகிறார். நான் இன்னும் இத்தனை வருடம் இருப்பதென்று முடிவு செய்துவிட்டேன். அத்தனை வருடமும் சண்டை போட எனக்கு அண்ணன் வேண்டாமா? இன்றைய மாத்திரையை விழுங்கிவிட்டு எனக்கு ஆசி சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சொல்பேச்சுக் கேளாத தங்கை