மாமா மீட்டர் பார்க்கக் கற்றுக்கொண்டார்

கொண்டையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு சின்ன காஞ்சிபுரம் முழுக்கச் சுற்றிவந்த என் குணா அக்காவுக்கு,

நம் ஸ்டெபிலைசர் கடை திறந்துதான் இருக்கிறது. நீ கண்மூடிய பிறகு தனியாக நடத்த முடியுமா என்று பயந்தேன். நடத்துகிறேன்.

மாமாவுக்குத்தான், உன் வீட்டுக்காரருக்கு, நுரையீரல் முன்போல் இல்லை. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மிஷின் ஒன்றை வீட்டில் வைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அதற்கு நானே ஸ்டெபிலைசர் செய்து மாட்டினேன். வோல்டேஜ் எல்லை மீறினால் தானே துண்டித்துக்கொள்ளும். சரியாகத்தான் செய்தேனா? கேட்க நீ இல்லையே.

போன மாதம் ஒரு மத்தியானம் பெருங்காற்று. கடையில் குண்டு பல்பு திடீரென்று கண் கூச எரிந்தது. ஃபேன் பேய் பிடித்ததுபோல் சுற்றியது. கடைக்குப் பின்னால் வீட்டு உள் அறையில் மிஷின் நின்றுபோய் அலாரம் அடித்தது. ஓடினேன். மாமா கட்டிலைப் பிடித்தபடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார்.

“லைட்டு எரியுதேம்மா... உன் பொட்டிதான் கெட்டுப்போச்சு. நேரா சொருகு கலா,” என்றார்.

எனக்கும் ஒரு நொடி சந்தேகம்தான் அக்கா. பிளக்கைக் கையில் எடுத்துவிட்டேன். நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? மீட்டரை வைத்துப் பார்த்தேன். இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் முந்நூற்று நாற்பது! தெருவில் நியூட்ரல் கம்பி காற்றில் அறுந்து வோல்டேஜ் எகிறியிருந்தது; என் பெட்டி சரியாகத்தான் துண்டித்திருந்தது.

“மாமா, இப்ப சொருகினா மிஷினு வெந்துடும். கொஞ்சம் பொறுத்துக்குங்க.”

மெயினை அணைத்தேன். கடை இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் தரையோடு இழுத்து வந்து மிஷினை அதில் மாட்டினேன். அது மறுபடி ஓடியது. மாமாவின் உதட்டில் நிறம் திரும்பியது.

பக்கத்து வீட்டுப் பார்வதி ஓடிவந்தாள். “யக்கா, எங்க டிவி பொகையுதுக்கா!”

“மெயினை அணைடி மொதல்ல! எல்லாருக்கும் சொல்லு!”

தெருவில் பாதி வீட்டு டிவி போய்விட்டது. இப்போது எல்லாம் நம் கடையில்தான் குவிந்து கிடக்கின்றன.

அன்று சாயங்காலம் மாமா மீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இத்தினி வருசம் உங்கக்கா இத வச்சிக்கினு சுத்தினா. இது இன்னான்னு ஒரு நாளாவது கேட்டனா? எப்படிப் பாக்குறது, சொல்லிக் குடும்மா.”

இப்போது காலையில் காபிக்கு முன்னால் அவருக்கு அதுதான் வேலை. “கலா, இருநூத்தி இருபத்தஞ்சு இருக்குது. எர்த்து பாத்தியா நீ?” என்று என்னையே அதட்டுகிறார். நீ இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய்.

அக்கா, மழைக்காலம் வருவதற்குள் இந்தத் தெருவில் எல்லா வீட்டு மெயினிலும் துண்டிக்கும் பெட்டி மாட்டிவிடுவேன். பார்வதி வீட்டில் நாளைக்கு ஆரம்பம். மாமாவைப் பற்றி நீ கவலைப்படாதே. அவர் மூச்சு என் பொறுப்பு.

உன் பழைய தாவணிகளைக் கட்டியே வளர்ந்த
உன் தங்கச்சி,
கலா