சத்தம் போடாத நாற்காலி

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மூட்டு வலி தேவலையா? நான் நலம். கட்டைவிரலில் சின்னச் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

இந்த ஊரில் முதன்முதலில் மரம் அறுக்கும் மில் வைத்த குடும்பம், தன் மரத்திலேயே கட்டிய பழைய தியேட்டரைத்தான் இத்தனை நாளாகப் பழுதுபார்த்தேன். ஒரு நாற்காலிகூடச் சத்தம் போடாதபடி ஸ்க்ரூக்களை முடுக்கிவிட்டேன். நேற்று திரும்பவும் திறந்தார்கள். கூட்டம் நிறைந்தும் படம் தொடங்கவில்லை.

தியேட்டர் முதலாளியம்மா என்னிடம் வந்தார்.

"கடைசி நாற்காலியையும் சரி பண்ணிட்டியா? மில் ஆளுங்க எல்லாருக்கும் இடம் கிடைச்ச அப்புறம்தான் எங்க தாத்தா அதுல உக்காருவார். அது கிறீச்சுன்னாத்தான் மேல ஆபரேட்டர் படத்தை ஓட்டுவார். இன்னிக்கும் அதே வழக்கம்தான், அவர் இடத்துல நான் உக்காரணும்."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஓடிப்போய் ஸ்க்ரூவைத் தளர்த்தினேன். முதலாளியம்மா அதில் உட்காரவில்லை.

"இத்தனை பேருக்கும் இடம் பண்ணது நீதானே? நீயே உக்காரு."

உட்கார்ந்தேன். கிறீச்சென்றது. விளக்கு அணைந்தது, அப்பா.

உங்கள் அரை அங்குல உளியை அனுப்புங்கள். இங்கேயும் உளி கிடைக்கும். ஆனால் உங்கள் கை பட்டுத் தேய்ந்த பிடி கிடைக்காது.

தபால்காரர் வாசலில் நிற்கிறார். உங்கள் மகன் உட்கார்ந்த பிறகுதான் ஓர் ஊரே படம் பார்த்தது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

உங்கள் மகன்