சோள அடுப்பைத் துப்புரவாக்கிய விபரம்

பூம்ப்ளிஸ், சுவிஸ்,
தை 12

நெருப்பைப் பற்றி எல்லாம் அறிந்த திருவாளர் வரதராசா அவர்களுக்கு, உங்கள் மனைவி சந்திரமதி எழுதுவது.

நானும் மகளும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்பது முறை என்பதால் கேட்கிறேன். போனில் கேட்கலாம் என்றால், எப்போது அடித்தாலும் உங்கள் தங்கை தில்லைநாயகி எடுத்து, அண்ணை குளிக்கிறார் என்கிறா. ஏழு கிழமையாக ஒரு மனிதர் குளித்தால் ரொறன்ரோவில் மற்றவர்களுக்குத் தண்ணீர் மிஞ்சுமா தெரியவில்லை. ஈரக் கையால் என்றாலும் கடிதத்தைப் பிரிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் மகள். லக்சாயினி திரும்பவும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். தலையிடி நின்றுவிட்டது. போன செவ்வாய்க்கிழமை டொக்டர் பார்த்துவிட்டு, இனி வரத் தேவையில்லை என்றார். இதைக் கேட்டு இன்றைக்கு நீங்கள் நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். இதுவரை நித்திரை கொண்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். கொண்டிருந்தால் அதை எனக்குச் சொல்ல வேண்டாம்.

அடுத்தது உங்கள் அருமை அடுப்பு. ஊரெல்லாம் மின்சாரத்துக்குக் காசைக் கொட்டுது, நான் சோளத்தில வீட்டைச் சூடாக்கிக் காட்டுறன் என்று அந்த இரும்புப் பெட்டியை ஹோலில் இறக்கினீர்கள். பின்னால் இருபது மூட்டை சோளமும் வந்து இறங்கியது. அதோடு வந்த புத்தகத்தை ஒருக்கால் வாசியுங்கோ என்று நான் சொன்னேன். இருபத்தாறு வருசம் ஹோட்டல் குசினியில நிண்டவனுக்கு நீ நெருப்புப் படிப்பிக்கிறியோ என்று கேட்டீர்கள். அந்தப் புத்தகத்தின் பிளாஸ்டிக் உறையை முந்தாநாள் நான்தான் கிழித்தேன். துப்புரவாக்குவதைப் பற்றி மட்டும் பதினான்கு பக்கம் இருக்கிறது.

நெய் ஊற்றச் சொல்லி ஒரு பக்கத்திலும் இல்லை. தானியத்தை எரிக்கிறது பாவம், ஓமமாக்கினால் பாவமில்லை என்று நீங்களே ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்து, வெள்ளிக்கு வெள்ளி கற்பூரம் போட்டு ஒரு கரண்டி நெய் வார்த்தீர்களே, அதைத்தான் சொல்கிறேன். புகைபோக்கி துப்புரவாக்குகிற கமின்ஃபேகர் வந்து அடுப்பின் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டார். நெய்யை டொச் மொழியில் எப்படிச் சொல்வது? வெண்ணெய் என்றேன். மூன்று தரம் திருப்பிக் கேட்டார். கணவர் எங்கே என்றார். கனடாவில் என்றேன். உடனே அவர் கையுறையை மாட்டினார்.

சோளம் எரிகிற கிண்ணத்துக்குள் சாம்பல் உருகிக் கல்லாகப் பிடித்திருந்தது. உளியும் சுத்தியலும் வைத்து உடைத்தேன். அடிப்பக்கத்துக் காற்றோட்டைகளை ஒவ்வொன்றாகக் கம்பியால் குத்தித் திறந்தேன். சோளத்தை உள்ளே தள்ளுகிற திருகு நெய்யும் தூளும் சேர்ந்து களியாகிக் கிடந்தது. புகை வெளியே போகிற குழாயின் வளைவுக்குள் இருந்து ஒரு வாளி கரி எடுத்தோம். ஒரு வாளி! புகை கசியாமல் கதவைச் சுற்றியிருந்த கயிறும் பொசுங்கிப் போயிருந்தது. புதுக் கயிறு வாங்கி நானே ஒட்டினேன். கதவிடுக்கில் ஒரு கடதாசித் துண்டை வைத்துப் பூட்டி இழுத்துப் பார்க்க வேண்டும், வரக்கூடாது. வரவில்லை. கமின்ஃபேகர் எனக்குக் கை தந்தார். இருபத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் என் வேலையைப் பார்த்து நீங்கள் ஒருநாளும் கை தந்ததில்லை.

இன்னொன்றும் சொன்னார். இந்த அடுப்பில் சோளம் போட இங்கே அனுமதி இல்லையாம், மரத்தூள் உருண்டைதான் போடலாமாம். மிச்சம் இருந்த பதினொரு மூட்டையையும் பக்கத்துத் தோட்டக்காரர் கோழிகளுக்குக் கொண்டுபோனார். உங்கள் மூளையால் பயனடைந்தவை அந்தக் கோழிகள் மட்டும்தான்.

இனி எழுதப்போவதை இருந்து வாசியுங்கள்.

அடுப்போடு வந்த அந்த வெள்ளை அலாரப் பெட்டி. அன்று நான் கறித்தூளுக்குச் செத்தல் மிளகாய் வறுத்துக்கொண்டு நின்றபோது அது கத்தியது. உன்ட மிளகாய்க்குத்தான் கத்துது என்று சொல்லி, நாற்காலியில் ஏறிப் பற்றரியைக் கழற்றி மேசையில் வைத்தீர்கள். அடுத்தநாள் காலை பிள்ளை படியில் விழுந்து கிடந்தாள். அடுப்பிலிருந்து கசிந்த மணமில்லாத நச்சுக் காற்று என்று அம்புலன்சில் வந்தவர்கள் சொன்னார்கள். வீட்டில் அலாரம் இல்லையா என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது நீங்கள் நிலத்தைப் பார்த்தீர்கள். பிள்ளை வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், தங்கச்சிக்குச் சுகமில்லை என்று விமானம் ஏறினீர்கள். தில்லைநாயகியின் குரலில் ஒரு தடிமன், இருமல்கூட இல்லை.

நேற்று அலாரத்துக்குப் புதுப் பற்றரி போட்டு, யன்னலெல்லாம் பூட்டி, அதன் கீழே நின்று அரைக் கிலோ செத்தல் வறுத்தேன். இருமி இருமிக் கண் சிவந்துவிட்டது. அது ஒரு சத்தமும் போடவில்லை. மிளகாய்க்கு அது கத்தவே கத்தாது. அன்றைக்கு அது எங்களைத்தான் கூப்பிட்டது.

உங்களை நான் கோழை என்று இந்த ஏழு கிழமையும் சுவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போதும் சொல்வேன். ஆனால் நீங்கள் ஏறியபோது நாற்காலியைப் பிடித்தவள் நான். மிளகாய் மணத்துக்கு மன்னியுங்கோ என்று உங்களிடம் சொன்னவளும் நான். இதை டொக்டரிடம் சொல்லவில்லை, பிள்ளையிடமும் சொல்லவில்லை. பழி முழுவதையும் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் சும்மா இருந்துவிட்டேன்.

பிள்ளை உங்களில் கோபமாக இல்லை. அப்பா எப்ப வாறார் என்று கேட்கிறாள், குளித்து முடியட்டும் என்கிறேன். அவளிடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதைத் தனியாகச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது.

கடவுள் உங்களுக்கு அறிவைத் தரட்டும் என்று கும்பிடுவதை எப்போதோ விட்டுவிட்டேன். ஒரு ரிக்கெற் எடுக்கிற துணிவைத் தந்தால் போதும். வாருங்கள். அடுத்த முறை பற்றரி மாற்ற நான் ஏறுகிறேன், நீங்கள் நாற்காலியைப் பிடியுங்கள்.

இப்படிக்கு,
சந்திரமதி