ஹாய் தினேஷ்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். நேற்றுத் துவைத்த துணியே இன்னும் காயவில்லை. கம்ப்யூட்டரும் எழுந்திருக்கவில்லை.

அம்மா வழக்கம்போல் ஆறு மணிக்கே ஆன் பண்ணிவிட்டாள். வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய் அவளே சுவிட்ச் போடுவாள். "அது எழுந்திரிக்க லேட் ஆவுதுல்ல, உனக்காகத்தான்" என்பாள். நான் குளித்து, அவளைக் குளிப்பாட்டி, உப்புமா கிண்டி வந்து உட்கார்ந்தால் வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிறகு திரையில் அந்தப் பெட்டி, ஆங்கிலத்தில். ஹாய் தினேஷ். கேம் கிடைக்கவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன். மூடினால் மறுபடி வருகிறது.

தம்பி போய் வருஷம் ஆகப்போகிறது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன். இந்த வீட்டில் அவனை இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இந்த மெஷின் ஒன்றுதான்.

மதியம் வேலைக்கு நடுவில் ஹேங். இன்ஷூரன்ஸ் க்ளைம் ஒன்று பாதியில் நின்றது. டீம் லீடர் ரம்யா போன். "செல்வி, மண்டே ஐடிக்காரங்க எல்லார் சிஸ்டமும் செக் பண்றாங்க. கேம் கீம் எதாவது உள்ள ஓடுச்சுன்னா வீட்லேந்து வேலை கட். ஆபீஸ் வரணும். நன் கைல ஏனூ இல்ல." அவள் கையில் ஒன்றும் இல்லையாம்.

ஆபீஸ் ஒயிட்ஃபீல்டில். இங்கே ஒக்கலிபுரத்திலிருந்து போய்வர நாளில் பாதி. அம்மாவை யார் பாத்ரூம் கூட்டிப்போவது? வேலையை விட்டால் சோறு?

வாங்க: உளுந்து, அம்மா சுகர் மாத்திரை.

ஜூலை 9, புதன்

வெயில் எட்டிப் பார்த்தது, போய்விட்டது.

கேமை நான்தான் பொங்கல் சமயத்தில் அழித்தேன், இடம் இல்லை என்று. பஸ் ஓட்டுகிற கேம். தினேஷ் அதில் நம்மூர் பஸ், நம்மூர் ஹார்ன் எல்லாம் தானே செய்து ஏற்றுவான். 'மாட்' என்பான். அதை ஏற்றிவிடும் லோடர் தனி சாமானாம். கேம் போனபின்னும் அது போகவில்லை.

இன்று செய்தவை:
ரீஸ்டார்ட். பயனில்லை.
ஸ்டார்ட்அப் பட்டியலில் நிறுத்தினேன். திரும்ப ஆன் ஆகி உட்கார்ந்திருக்கிறது. வெட்கம் கெட்டது.
அன்இன்ஸ்டால். 'கேம் கிடைத்தபின் முயலவும்' என்கிறது. கேமை எங்கே போய்த் தேட?
வைரஸ் பார்த்தேன். இல்லை.
மானிட்டர் மண்டையில் ஒரு தட்டு. அது எனக்காக.

சலீமுக்கு போன். தினேஷின் சிநேகிதன், சிவாஜிநகரில் கம்ப்யூட்டர் கடை. "அக்கா, குடியிருந்தவங்க காலி பண்ண பிறகும் கேட்லயே நிக்கிற வாட்ச்மேன் மாதிரி அது. எங்கெங்கயோ வேர் உட்டிருக்கும். ஃபுல்லா ஃபார்மட் அடிச்சிடலாம். சண்டே கொண்டாங்க."

அம்மா கட்டிலிலிருந்து கேட்டாள், "ஃபார்மட்னா?"

"எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போடறது."

"சாமி படம்?"

"அதுவும் போகும்."

"தெய்வக் குத்தம்டி" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ராத்திரி இட்லி அப்படியே இருந்தது.

ஜூலை 10, வியாழன்

காற்று. ஃபிசியோ ஷீலா வந்தாள். இடுப்பில் பிளேட் வைத்த இடம் நன்றாக ஆறிவிட்டதாம், இனி வாசல்படி இரண்டையும் இறங்கிப் பழகவேண்டுமாம். அம்மா மாட்டேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். ஷீலா கெஞ்சினாள், நான் கத்தினேன். இரண்டுக்கும் அசையவில்லை.

ஏறுவதற்கு அவளுக்குப் பயமில்லை, இறங்குவதற்குத்தான். முட்டிவலிக்காரி, மெதுவாகத்தான் இறங்குவாள். ஒருமுறை சிவாஜிநகரில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, கால் தரையில் படுமுன் விசில் கொடுத்து வண்டியை எடுத்துவிட்டார்கள். ரோட்டில் விழுந்தாள். அன்று தினேஷ் பஸ் ஸ்டாண்டுக்கே போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தான். அவன் போனபிறகு பாத்ரூமில் விழுந்ததில் இடுப்பு உடைந்தது. இப்போது வாசலுக்கு வெளியே உலகம் இல்லை அவளுக்கு.

கத்தியிருக்கக்கூடாது. கத்தினேன். என் பாடு எனக்கு.

கம்ப். இன்றும் ஹேங், மூன்று தடவையோ நான்கோ.

ஜூலை 11, வெள்ளி

மழை. சாம்பிராணி போட்டதில் வீடெல்லாம் புகை.

கண்டுபிடித்துவிட்டேன்.

லோடரின் செட்டிங்ஸைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். மாட் எல்லாம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று ஒரு வரி. அதில் 'சாமி படம்'.

அம்மாவின் ஃபோல்டர் அது. அவள் போனுக்கு வருகிற சாமி படங்களை வாரம் ஒருதரம் ஒயர் மாட்டி அதில் போடுவாள். தினேஷ் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான். முருகன், மாரியம்மன், புத்தர், நடுநடுவே ரோஜாப்பூவோடு குட் மார்னிங். திறந்தால் முடிவே இல்லாமல் போகிறது.

அதற்குள் தன் மாட்களைப் புதைத்து வைத்திருக்கிறான் திருட்டுப்பயல். இடம் வேண்டும் என்று கண்டதையும் அழிக்கிறவள் நான், அது அவனுக்குத் தெரியும். நான் கை வைக்காத ஒரே இடம் இது என்பதும் தெரியும். பழைய காலண்டர் முருகனைக்கூடக் குப்பையில் போடாமல் அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருகிற வீடு.

லோடர் தினமும் காலையில் அந்த ஃபோல்டரில் இருக்கிற ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கும். அவன் இருந்தபோது கொஞ்சம் படம்தான். அவன் போனபின் அம்மா போட்டது மலை. ஒவ்வொரு முருகனையும் எடுத்து, நீ பஸ்ஸா, நீ பஸ்ஸா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது இத்தனை நாளும்.

தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு முடியுமுன் அழுகை வந்துவிட்டது. அம்மா என்னடி என்றாள். சாம்பிராணி என்றேன்.

ஜூலை 12, சனி

லீவு. மேகமூட்டம்.

சாமி எல்லாரையும் வேறு ஃபோல்டருக்குக் குடிமாற்றினேன். ரீஸ்டார்ட். டீ ஆற்றுவதற்குள் வந்து நின்றது. ஃபார்மட் வேண்டாம். சலீமிடம் சொன்னேன். மிச்ச வேரை எப்படிப் பிடுங்குவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். வேகம் வந்துவிட்டாலும் லோடர் போகத்தான் வேண்டும், திங்கட்கிழமை செக்கில் அது இருந்தால் என் கதை முடிந்தது.

படங்களை மாற்றியபோது அடியில் ஒன்று கிடைத்தது: 'அம்மா பஸ்'. உள்ளே நீல பஸ் ஒன்றின் படம். நம்பர் எழுதிய ஒரு ஃபைல், எந்த ஸ்டாப்பில் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று. எல்லா ஸ்டாப்புக்கும் கொஞ்ச நேரம். ஒக்கலிபுரத்துக்கு மட்டும், ஆள் இறங்கும்வரை. அப்புறம் ஒரு சவுண்ட். கேம் இல்லாமலே திறந்தது.

முதலில் ஹார்ன். பிறகு கண்டக்டர் போல மூக்கால், கன்னடத்தில், இறங்கச் சொல்கிறான்.

"ஒக்கலிபுரம், ஒக்கலிபுரம். இளீரி, இளீரி." குரல் மாறுகிறது. "அம்மா, பாத்து. மெதுவா எறங்கு. வண்டி நிக்கும்."

பின்னால் எங்கள் வீட்டுக் குக்கர் சத்தம்.

அம்மா வாக்கர் இல்லாமல் சுவரைப் பிடித்தே வந்துவிட்டாள். நாற்காலியில் உட்காரவைத்தேன். "இன்னொரு வாட்டி" என்றாள். போட்டேன். இன்னொரு வாட்டி. அழவில்லை. முந்தானையால் மானிட்டரைத் துடைத்தாள்.

துடைத்துவிட்டு, "அப்போ அந்தப் பொட்டி? காலைல வருமே."

"அது போவணும்மா. இல்லன்னா என் வேலை போய்டும்."

"அதுல ரெண்டாவதா இருக்கறது அவன் பேரு. இங்கிலீஷ்ல எனக்கு அந்த எழுத்து மட்டும் தெரியும். ஸ்கூல் சர்டிபிகேட்ல பாத்து வெச்சிருக்கேன். தெனம் அதப் பாக்கத்தான் ஆன் பண்றது."

"எனக்காகன்னு சொன்னியே."

"உனக்கும்தான்."



ஜூலை 13, ஞாயிறு

வெயில். துணி எல்லாம் காய்ந்தது. மட்டன் எடுக்கவில்லை, மனசில்லை. ரசம், அப்பளம்.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். பெட்டி போனால் என்ன, கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் அவன் குரலே வருகிறமாதிரி வைத்துத் தருகிறேன், அது வெறும் சவுண்டுதான், ஆபீசில் கேட்கமாட்டார்கள்.

யோசித்துவிட்டு, "வேணாம். தெனம் கேட்டா காது பழகிடும், பால்காரன் மணி மாதிரி. தெவசத்துக்குப் போடு" என்றாள்.

சலீம் சொன்ன வரிசையில் வேர்களைப் பிடுங்கினேன். கடைசியில் திரை கேட்டது, நிச்சயமாக நீக்கவா?

"நீ அமுக்கறியாம்மா?"

"நீயே அமுக்கு." என் தோளில் கை வைத்துக்கொண்டாள். அழுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. அவ்வளவுதான்.

'அம்மா பஸ்'ஸை மூன்று இடத்தில் காப்பி. ஒன்று சலீமிடம், ஒன்று என் போனில். ஒன்று பழையபடி சாமி படங்களுக்குள்ளேயே. அதுதான் அவன் வைத்த இடம்.

ஜூலை 14, திங்கள்

குளிர். லேசான தூறல்.

ஆறு மணிக்கு அம்மா எழுந்துபோய் ஆன் பண்ணினாள். போர்வைக்குள்ளிருந்து பார்த்தேன். உடனே வந்துவிட்டது. மலைப் படம், ஐகான்கள். ஹாய் இல்லை, பெயர் இல்லை. அவள் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு, "எந்திரிடி, உன் மெஷின் ரெடி" என்றாள்.

செக் முடிந்தது. ரம்யா: "ஆய்த்து செல்வி, க்ளீன்." நல்ல செய்திதான்.

பதினொரு மணிக்கு ஷீலா. நான் ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தேன். அம்மா வாசல்படியில், கதவைப் பிடித்தபடி. சரி, இன்றைக்கும் அதே கூத்து என்று நினைத்தேன்.

அவள் கீழே பார்த்து, "வண்டி நிக்கும்" என்றாள். ஒரு காலை வைத்தாள்.

"என்னம்மா சொன்னீங்க?" என்றாள் ஷீலா.

அம்மா இரண்டாவது படிக்கும் அதையே சொன்னாள். இறங்கி ரோட்டில் நின்றாள், தூறலில். எனக்கு ஆபீஸ் போன் வந்துவிட்டது, எடுத்தேன்.