கூட்டத்தில் மிரண்ட குதிரை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? மருந்தை வேளைக்குச் சாப்பிடாமல் டாக்டரைத் திட்டாதே.

நாட்டின் கொடி முதன்முதலாக ஏறிய நாளைப் பற்றிய என் புத்தகம் முடிகிற மாதிரி இல்லை. நேரில் பார்த்தோம் என்று வருகிறவர்களில் பாதிப்பேர் கதை விடுகிறார்கள். அவர்களைப் பிடிக்க நானே ஒரு பொய் வைத்திருக்கிறேன். மைதானத்தில் ஒரு வெள்ளைக் குதிரை மிரண்டு ஓடியதே, ஞாபகம் இருக்கிறதா என்று பேச்சுவாக்கில் கேட்பேன். அப்படி ஒரு குதிரையே கிடையாது. ஆமாம் என்கிறவரின் பேட்டியை ஒதுக்கிவிடுவேன். வருடக்கணக்காக இதுதான் என் வடிகட்டி. இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே குதிரையைப் பற்றிச் சொல்கிறார்கள்.

அன்று நீ அப்பாவோடு போயிருந்தாயே, நிஜமாகப் பார்த்தவள் நீதான் மிச்சம். நாலு வரி எழுது.

உன் தம்பி

மார்ச் 15

அன்புள்ள வாலுவுக்கு,

நீ பேராசிரியரானாலும் எனக்கு வாலுதான். காரியம் இருந்தால்தான் அக்கா ஞாபகம் வரும் உனக்கு.

அன்று நல்ல வெயில். கொடி பாதியில் சிக்கிக்கொண்டது, எல்லோரும் சிரித்தார்கள். குதிரையும் இருந்தது, வெள்ளைதான். கூட்டம் சிதறியதும் அப்பா என்னை ஒரு கடைப் படியில் உட்காரவைத்தார். "இங்கேயே இரு கண்ணு, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கடிவாளத்தைப் பிடிக்க ஓடினார். திரும்பி வந்தாரா என்றுதான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

அக்கா

மார்ச் 22

அக்கா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். அந்தக் குதிரையை நான் இதே மேசையில், டீ ஆறுவதற்குள் உண்டாக்கினேன். அப்பா திரும்பி வந்தார். வந்ததால்தானே பிறகு நான் பிறந்தேன்? ஆஸ்பத்திரியில் கடைசியாக ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தோமே. எனக்குப் பயமாக இருக்கிறது. புத்தகம் போனால் போகட்டும், அப்பாவை என்னிடம் விட்டுவை. சனிக்கிழமை வருகிறேன்.

வாலு

ஏப்ரல் 2

மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சனிக்கிழமை நீங்கள் கதவைத் தட்டியபோது திறக்கப் பயந்துவிட்டேன். தனியாக இருப்பவள், மன்னிக்கவும். அக்கா, அக்கா என்று நீங்கள் அழைத்தது மனதைப் பிசைந்தது. ஓயாமல் ஊரார் கதையைக் கேட்கிறவர்களுக்கு இப்படியும் ஆகும்போலிருக்கிறது.

என் அப்பா கொடி ஏறிய அன்றே குதிரையின் காலடியில் இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொள்ளவில்லை. எனக்கு ஒரு தம்பி இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தியாகியின் ஒரே பிள்ளை