மறைக்காமல் உருட்டிய பகடை

பிஸ்கட் டின்னைத் திறந்ததுமே உன் தைல வாசனை வந்துவிட்டது. மணிக்கட்டு வலிக்கு அதைத் தேய்த்த கையோடுதான் நீ பகடையை எடுப்பாய். நாங்கள் முகம் சுளிப்போம். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. அந்தப் பகடைகளைக் கழுவ எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

ஞாயிறு மதியமானால் மலாக்கா பக்கம் பெம்பானில், உன் வீட்டு வாசலில் கார் நிறுத்தும் போர்ச்சில் கூடுவோம். நீ கதை சொல்வாய். நானும், மஸ்ஜித் தானாவில் துணிக்கடை வைத்திருக்கும் காதரும் ஆளுக்கொரு வீரனாகி உன் கதையின் காட்டிலும் குகையிலும் அலைவோம். யார் வாள் யார்மேல் பட்டது என்பதைப் பகடை சொல்லும். மலாக்கா டவுனில் நாம் ஒருமுறை ஆடப் போன இடத்தில், கதை சொன்னவர் அட்டை மறைப்புக்குப் பின்னால் உருட்டினார். விழுந்த எண் அவருக்கு மட்டுமே தெரியும்; அங்கே எவனும் சாகவில்லை. நீயோ டின் மூடியை மேசை நடுவில் வைத்து எல்லார் கண்ணெதிரிலும் உருட்டுவாய். தகரத்தில் பகடை விழும் சத்தம் கேட்டாலே நான் எழுந்து எட்டிப் பார்ப்பேன்.

என் வில்லாளியை நினைவிருக்கிறதா? ஆசை ஆசையாய் வளர்த்தவன். பெயர்கூட இல்லாத ஒரு வழிப்பறிக்காரன் குத்தி, பாலத்தின்மேல் செத்துப்போனான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"கொஞ்சம் பாத்துப் போட்டிருக்கலாம்லடா?"

"பாத்துப் போட்டா அது சண்டை இல்லடா, டிராமா. செத்துருவோம்னு தெரிஞ்சாதான் நீ யோசிப்ப லா."

சொல்லிவிட்டு, உன் மனைவி கிழங்கு மசாலா அடைத்துப் பொரித்து வைத்திருந்த கறிபாப் தட்டை என் பக்கம் நகர்த்தினாய். நம் மேசையின் சட்டம் அது: யாருடைய வீரன் செத்தானோ அவருக்குத்தான் முதல் தட்டு, அவர் கை வைக்கும்வரை வேறு யாரும் தொடக்கூடாது. படையல் என்று கேலி வேறு செய்வாய். முறைத்துக்கொண்டே வயிறு முட்டத் தின்றேன். அதற்குப் பிறகு வாளை உருவும் முன்பே ஓட வழி இருக்கிறதா என்று பார்க்கப் பழகினோம். திருடனிடம்கூட முதலில் நலம் விசாரித்தோம்.

இப்போது கதை சொல்வது நான். உன் நாற்காலி காலியாகக் கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல் நான் தங்கச்சி என்று கூப்பிடும் உன் மனைவியே வந்து உட்கார்ந்துகொண்டாள். காதர் கதை சொன்ன அபூர்வ நாள்களில் நீ ஆடுவாயே, அந்தக் கிழட்டு வாள்வீரன், அவரைத்தான் எடுத்துக்கொண்டாள். "கெழவர நான் பாத்துக்கறேன் அண்ணே" என்றாள்.

போன ஞாயிறு, குகை வாசலில் ஓர் அரக்கன் மறித்தான். காதரின் ஆள் காயம்பட்டு விழுந்துவிட்டான். கிழவர் ஓடியிருக்கலாம்.

"பின்னால வழி இருக்கு தங்கச்சி" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

"பாயோட ஆளு கீழ கெடக்காரு. விட்டுட்டு எப்படி ஓடறது?"

காதரின் ஆள் ஊர்ந்து வெளியேறும்வரை கிழவர் வாசலை மறித்து நின்றார். அரக்கனின் அடிக்கு நான் உருட்டினேன். பகடை நின்றதும் உள்ளங்கையால் மூடிவிட்டேன். நான் மட்டும் எட்டிப் பார்த்து, அடி தவறிவிட்டது என்று சொல்லிவிடலாம். அந்த மேசையில் உன்னுடையவர் என்று மிஞ்சியிருந்தது அந்தக் கிழவர்தான். அவரையும் அனுப்பிவைக்க எனக்குத் தெம்பில்லை.

"கைய எடுங்க அண்ணே" என்றாள் தங்கச்சி. "இன்னும் எத்தன நாளுன்னு ஒளிக்காம சொல்லுங்கன்னு டாக்டர்கிட்டயே கேட்டவரு உங்க கூட்டாளி."

எடுத்தேன். கிழவர் செத்துப்போனார்.

காதர்தான் தட்டை அவள் முன்னால் நகர்த்தினார். நீ போனதிலிருந்து எங்கள் எதிரில் அவள் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. அன்று ஒரு கறிபாப்பை எடுத்துக் கடித்தாள். கண்ணில் நீர் வழிய மென்றுகொண்டே கேட்டாள்:

"நல்லா சண்ட போட்டாருல்ல அண்ணே?"

"ரொம்ப நல்லா போட்டாரும்மா."

நாளை மறுபடி ஞாயிறு. மூடியைத் துடைத்து வைத்துவிட்டேன், பகடையைத் துடைக்கவில்லை. உருட்டியதும் கையை எடுத்துவிடுவேன்டா.